ரஞ்சிதம் உயிரோடு இருக்கிறாள், அக்கா

என் அன்பு அக்கா,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. ரஞ்சிதம் உயிரோடு இருக்கிறாள். இத்தாலியில், நான் இருக்கும் இதே பலெர்மோவில் இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்களைப் பற்றிக் கல்லூரி மலருக்கு எழுதித் தரும்படி உங்கள் தங்கச்சி என்று என்னிடம் பழைய மாணவிகள் கேட்டிருந்தார்கள். நான் உங்களுக்கே எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

அவர்களில் இளையவர்களுக்கு நீங்கள் வெறும் புவியியல் ரீச்சர். எங்கள் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய முதல் ஆள் நீங்கள் என்பது தெரியாது. வலைப்பந்தின் விதிகளை ஒரு சின்னப் புத்தகத்தில் நீங்களே படித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டீர்கள். அடுத்து ஓட்டம், உயரம் பாய்தல், பிறகு கரப்பந்து.

"குமர்ப்பிள்ளையளைக் காற்சட்டையோடை ஓட விடுறதோ?" என்று கேட்ட தகப்பன்மாரின் வீடுகளுக்கெல்லாம் போனீர்கள். "ஒருக்கா வந்து பாருங்கோ. பிடிக்காட்டி நானே பிள்ளையைக் கொண்டுவந்து விடுறன்" என்பீர்கள். வந்து பார்த்தவர்கள்தான் பிறகு வேலிக்கு வெளியே நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள்.

அப்புறம் அந்த நாள். மாவட்டப் போட்டிக்கான பயிற்சி. நான் கப்டன், அஞ்சல் ஓட்டத்தில் கடைசியாக ஓடுகிறவள் ரஞ்சிதம். கடைசி வளைவில் விழுந்தாள். உதடு நீலமாகிவிட்டது. அதிபரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பமே போய்விட்டது. பிள்ளை செத்துப்போச்சு என்று யாரோ வந்து சொன்னார்கள்.

நீங்கள் அதிபரிடம் போனீர்கள். "நான்தான் கவனிக்கேல்லை. இனி மைதானத்துக்கு வரமாட்டன்." அவர் எவ்வளவோ கெஞ்சியும் நீங்கள் மாறவில்லை. எட்டு வருட உழைப்பு அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு இருபது வருடமாக, மைதானம் கண்ணில் படாத பக்கத்தால் சுற்றித்தான் வகுப்புக்குப் போனீர்கள்.

அக்கா, நீங்கள் கவனிக்காமல் விடவில்லை. உங்களிடம் சொல்லவிடாமல் தடுத்தது நான்.

விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், தண்ணீர்க் குழாயடியில் ரஞ்சிதம் என்னிடம் சொன்னாள்: "கப்டன் அக்கா, ஓடேக்கை நெஞ்சுக்குள்ளை பிடிக்குது."

"ரீச்சரிட்டைச் சொல்லாதை," என்றேன். "சொன்னா உன்னை நிப்பாட்டிப் போடுவா. போட்டி முடியட்டும்."

எனக்கு அப்போது பதினேழு வயது. அதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு இருவரும் வேலைக்கு வந்து, பலெர்மோவில் ஐந்து வருடம் ஒரே அறையில் படுத்தோம். லிபெர்த்தாத் தெரு வீட்டில் நீங்கள் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட அந்த வயதான இத்தாலிய அம்மாவை, உங்கள் சிஞ்ஞோராவைக் காலையில் கை தூக்கவைத்து, நடைகூடத்தில் எண்ணி எண்ணி நடக்கவைத்து, கடைசியில் படியேற வைத்தீர்கள். அதை வந்து சொல்லும்போது உங்கள் முகத்தில் பழைய ரீச்சர் தெரிவார். உண்மையைச் சொல்ல எத்தனை தரம் வாய் திறந்தேன்! நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசிக் கிழமையில்கூட "அந்தப் பிள்ளை..." என்று தொடங்கி நிறுத்தினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கக்கூடாதா நான்?

செவ்வாய்க்கிழமை பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"கப்டன் அக்கா!"

நரைத்த தலை. ஆனால் அதே பல்வரிசை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ செத்துப்போனாய் எண்டு சொன்னாங்கள்."

"ஆர் சொன்னது? பிறவியிலையே நெஞ்சிலை ஓட்டையாம். ஒப்பரேசன் செய்தவை. அண்டைக்கு விழாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது எண்டு டொக்டர் சொன்னவர். பிறகு அப்பா பள்ளிக்கூடத்திலை உள்ள கோவத்திலை ஊருக்கு ஒரு கடிதம் போட விடேல்லை. இப்ப எனக்கு மூண்டு பிள்ளையள். மூத்தவன்தான் இஞ்சை கூப்பிட்டவன்."

அத்தனை பேர் நடுவில் நான் சொன்னேன். "உன்னைச் சொல்ல விடாமல் வைச்சது நான்."

"ஓம், மறக்கேல்லை," என்றாள். "கன காலம் உங்களோடை சரியான கோவம். முதல் பிள்ளை பிறந்த அண்டைக்கு விட்டிட்டன்." பிறகு கேட்டாள்: "ரீச்சர் எங்கை?"

போன மார்கழியில் நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். வரிசையை விட்டு விலகிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் விலகினேன். இருவருக்கும் இடம் போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கடைசியில் போய் நின்றோம். இந்த நகரத்தில் இவ்வளவு இலேசான மனதோடு நான் ஒரு வரிசையிலும் நின்றதில்லை.

நாலு மாதம் முன்னால் அவளைக் கண்டிருந்தால்? அந்தக் கேள்வி என்னோடு இருக்கும். ஆனாலும் அக்கா, அவள் இருக்கிறாள். உங்கள் கையில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. இதைக் கேட்கும் எவருக்கும் நான் என் பெயரோடு சொல்லுவேன்.

ஞாயிறு பூசை முடிய அவளை உங்கள் கல்லறைக்குக் கூட்டிவருகிறேன். அவள் உங்களிடம் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லட்டும். இந்த முறை நான் குறுக்கே பேசமாட்டேன்.

உங்களோடு பிறந்தவள்,
தங்கச்சி றீற்றா
பலெர்மோ