இலிமின் நீலக் கோட்

இலிமின் அப்பாவுக்கு,

சைகல் எழுதுவது. உங்கள் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. போனில் நான் 'ம்' மட்டுமே சொல்கிறேன் என்று வருத்தப்பட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ரஷ்யாவுக்குப் போகிற லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கேட்ட உலர்ந்த தயிர் உருண்டைகளும் பையில் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி தாலாயும் நாஸ்குலும் மிர்லானைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கு இலிமின் நீலக் கோட்டைப் போட்டிருந்தார்கள். நீங்கள் சொன்னதால், நான் பள்ளியில் இருந்தபோது பெட்டியைத் திறந்து எடுத்தார்களாம். கை நீளமாக இருந்ததால் நாஸ்குல் மடித்துவிட்டிருந்தாள். தாலாய் குழந்தையை என் முன்னால் நிறுத்தி, "அண்ணி, எங்களுக்கு இன்னும் மூணு இருக்கு. இவன் இனிமே உங்க பிள்ளை. இலிம்னே கூப்பிடுங்க" என்றார். மூன்று வயதுக் குழந்தை, சொல்லிக்கொடுத்தபடி என்னை 'அம்மா' என்றான்.

நான் அவனுக்கு சூப் ஊற்றிக் கொடுத்தேன். மூக்கைத் துடைத்துவிட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நவம்பரில் இலிமைப் புதைத்ததிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. கை வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். நம் ஜனங்களில் தம்பி பிள்ளை கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை. உங்கள் சித்தப்பாவே அப்படி வளர்ந்தவர்தான். நீங்கள் எனக்காகத்தான் இதை ஏற்பாடு செய்தீர்கள் என்பதும் தெரியும்.

வியாழக்கிழமை இரண்டாம் வகுப்பை ஆட்டுப் பண்ணைக்கு அழைத்துப்போனோம். இலிம் இருந்த வகுப்பு. வேனில் ஜன்னலோரம் ஒரு இடத்தைப் பிள்ளைகள் காலியாக விட்டிருந்தார்கள். ரொட்டிப் பையை அதில் வைத்தேன்.

இது குட்டி போடும் பருவம். கொட்டகை முழுக்கச் சத்தம். பண்ணைக்காரி சிர்கா ஓங்குதாங்கான பெண், நல்ல வாயாடி. "வாங்கடா பட்டணத்து ராஜாக்களா, புழுக்கையை மிதிச்சா ஷூ ஒண்ணும் செத்துப்போயிடாது" என்று வரவேற்றாள். பிள்ளைகளுக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

அன்று காலையில் ஓர் ஆட்டுக்குக் குட்டி இறந்து பிறந்திருந்தது. சிர்காவின் கணவர் அதன் தோலை உரித்து, வேறொரு குட்டிக்குச் சட்டைபோல மாட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். கால்களுக்கு ஓட்டை விட்டிருந்தார். அந்த வாசத்தில் தன் குட்டிதான் என்று நம்பி ஆடு பால் கொடுக்குமாம். பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆடு குட்டியை முகர்ந்தது, காலால் உதைத்தது, மறுபடி முகர்ந்தது. பிறகு பால் குடிக்க விட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"தோலை எப்போ கழட்டுவீங்க?" என்று பெர்மெத் கேட்டாள். எதையும் விடாமல் கேட்பாளே, இலிமின் பக்கத்தில் உட்கார்ந்தவள், அவள்தான்.

"ரெண்டு மூணு நாள்ல. அதுக்கு மேல வெச்சா நாறிடும்டி. அதுக்குள்ள இவ பாலைக் குடிச்சு குட்டிக்கே இவ வாசம் வந்துடும்."

"இதோட நிஜ அம்மா?"

"அந்தா நிக்குதே. மூணு போட்டுது, பால் பத்தல."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு நின்று கத்திக்கொண்டிருந்தது. அதன் காலடியில் இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. அது அவற்றைப் பார்க்கவில்லை. தோல் போர்த்திய குட்டி பால் குடிப்பதை விட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது.

பிறகு தேநீர் கொடுத்தாள் சிர்கா. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க டீச்சர்?" என்றாள். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஒண்ணு" என்றேன். "ஒண்ணுதானா? உங்க வீட்டுக்காரரை நல்லாத் திட்டுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பியதும் நான் நேரே தாலாய் வீட்டுக்குப் போனேன். மிர்லான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். கழற்றப்போனேன். "என்னோடது" என்று தரையில் விழுந்து அழுதான். விட்டுவிட்டேன். கோட் அவனிடமே இருக்கட்டும். ஆனால் மிர்லான் என்ற பெயரிலேயே, நாஸ்குல் வீட்டிலேயே அவன் வளரட்டும். இதைச் சொன்னபோது தாலாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க பிள்ளை உங்களுக்கு ஆகலையா அண்ணி?" என்றார். நாஸ்குல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிளம்பும்வரை அவள் திரும்பவே இல்லை. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே அவள் குழந்தையிடம், "இனிமே அவங்க பெரியம்மா. சொல்லு, பெரியம்மா" என்று சொல்லிக்கொடுப்பது கேட்டது.

தாலாய் உங்களிடம் போனில் குறை சொல்வார். அவரைக் கோபிக்க வேண்டாம். மனதாரத்தான் கொடுத்தார். என்மேல் கோபம் வந்தால், அதை எழுதியே அனுப்புங்கள்.

மற்றபடி, உருளைக்கிழங்கு நடவு அடுத்த மாதம். கல்லறையைச் சுற்றி இன்னும் வேலி இல்லை. பனி போனதும் மாடுகள் உள்ளே வருகின்றன. தாலாய் போட்டுத் தருகிறேன் என்றார். இதையும் வேண்டாம் என்றுவிட்டேன். கம்பிகளை வாங்கிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து போடுங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கனமானதைத் தனியாகத் தூக்காதீர்கள். கடவுள் உங்களை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
இலிமின் அம்மா