விரால் புண்ணாக்குத் தின்னாது

சண்முகக்கனி, இதை மகளிடம் கொடுக்காமல் நீயே எழுத்துக்கூட்டி வாசி. நான் கண்மாய்க்குப் போகிறேன். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். நீ புளியை ஊறப்போடு.

போன வாரம் எதிர்வீட்டு வேதமணி தந்த விராலைத் தின்றுவிட்டு, "மீனுன்னா இதுதான் மீனு" என்று நாலு தரம் சொன்னாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்குக் கண்மாயில் நானும் அவன் பக்கத்தில்தான் தூண்டில் போட்டேன். கடலைப் புண்ணாக்கு உருண்டைக்குக் கெண்டைக் குஞ்சுதான் வந்தது. "அண்ணாச்சி, விரால் என்ன மாடா, புண்ணாக்குத் திங்க? உசுரோட துள்ளுறதத்தான் அது கவ்வும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். நேற்று வேலையில் கல் சுமந்த தோள் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் குட்டித் தவளைகள் பிடித்து டப்பாவில் எடுத்துப் போகிறேன்.

அவன் இன்றைக்கும் மீனோடு வந்தால், "எங்க வீட்ல அவிய மீனுக்குப் போயிருக்காவ" என்று சொல்லி அனுப்பிவிடு. சிரித்துப் பேச வேண்டாம்.

காசி

யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகள் ஏங்கிப்போகும். அவன் தந்தால் வாங்கிக் குழம்பு வை. நல்லா இருக்கு என்று மட்டும் என் காதுபடச் சொல்லிவிடாதே.