சிடியில் அவன் இல்லை

2025 ஜூன் 8, ஞாயிறு

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது. லாட்ஜில் ஒரு ரூம் காலி இல்லை. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்ற ஒரே கேள்விக்குக் காலையிலிருந்து பதில் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. அருவியில குளிக்க வந்தவனுக்கு எதுக்குலே வெந்நீர்? கேட்க முடியுமா? ரிசப்ஷனில் உட்கார்ந்தால் சிரிக்க வேண்டும்.

இலஞ்சிக்கு வந்து சேர மணி ஏழு. அம்மா, பிரின்ஸ் போட்டோவைத் துடைத்துவிட்டு அதன் கீழே வைத்திருக்கும் கேம் சிடியையும் துடைத்துக்கொண்டிருந்தாள். சாரல் காலத்தில் பூஞ்சை பிடித்துவிடுமாம். சேலை முந்தியால் அப்படித் துடைக்கிறாள்.

"ஆகஸ்ட் பதினாலு அன்னைக்கி அவன் டீம எனக்குப் போட்டுக் காட்டுட்டி" என்றாள்.

அன்றைக்குத் தம்பி பிரின்ஸ் இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

போட்டுக் காட்டுதேம்மா என்றேன். அதில் என்ன கஷ்டம்?

ஜூன் 9

கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல். தலைவலி.

ஜூன் 15, ஞாயிறு

அந்த டீமைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பிரின்ஸுக்குச் செங்கோட்டையில் ஒரு டயர் கடையில் வேலை. ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் ப்ளேஸ்டேஷன் முன்னால் உட்காருவான். கிரிக்கெட் கேம். அதில் நாமே ஆட்களை உருவாக்கி, முகம், உயரம், பெயர் எல்லாம் வைக்கலாமாம். 'இலஞ்சி லெவன்' என்று ஒரு டீம் செய்தான். அப்பா விக்கெட் கீப்பர். அப்பா இறந்து ஐந்து வருஷம் கழித்து அவருக்கு கிளவுஸ் மாட்டிவிட்டான். நான் ஓப்பனிங் பேட்டிங். அம்மா ஆஃப் ஸ்பின். அவன் கடையில் வேலை பார்க்கிற சுடலைமாடன் வேகப் பந்து. சார்ஜா சித்தப்பாவும் உண்டு, தொப்பையோடு.

"எம்மா, அப்பா கேட்ச் பிடிச்சிட்டாரு, வந்து பாரேன்" என்று ஹாலிலிருந்து கத்துவான். அம்மா அடுப்படியிலிருந்தே "ஆமா, பெரிய கேட்ச்சு. தோசையத் தின்னுட்டுப் பிடிக்கச் சொல்லு" என்பாள். எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

என்னையும் கூப்பிடுவான். "எக்கா, ஒரே ஒரு ஓவரு." சீசன் முடியட்டும்லே என்பேன். மூன்று சீசன் முடிந்தது. நான் உட்காரவில்லை.

போன வருஷம் புளியரைப் பக்கம் போகிற லாரி. மழை. அவ்வளவுதான் எழுத முடியும்.

ஜூன் 17

ப்ளேஸ்டேஷன் மெஷினை அபியிடமிருந்து ஒரு நாளைக்குக் கேட்டு வாங்க வேண்டும். அபி, லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற முத்துசெல்வியின் மகள், காலேஜில் முதல் வருஷம். போன அக்டோபரில் நான்தான் ப்ளேஸ்டேஷனை அவளுக்குக் கொடுத்தேன். டிவிக்குக் கீழே அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். மற்ற சிடிகளையும் கொடுத்தேன். கிரிக்கெட் சிடியை மட்டும் கொடுக்கவில்லை. பிரின்ஸ் ஆடியதெல்லாம் அதில்தானே இருக்கிறது.

சின்ன வயதில் ஆடிய கேம் கேசட்டில் அப்படித்தான் இருந்தது. 2001இல் சித்தப்பா சார்ஜாவிலிருந்து கையில் வைத்து ஆடுகிற ஒரு கேம் கொண்டுவந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கேசட். குதிரைக்காரன் ஏழு கோட்டைகளைப் பிடிக்க வேண்டும். ஆடியதைச் சேமித்து வைக்க அதில் இரண்டு இடம் இருந்தது. மேலே என் பெயர், ஜெனி; கீழே பிரின்ஸ். கேசட்டைக் கழற்றி வேறு எவன் மெஷினில் போட்டாலும் நாங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும். ஓடவில்லை என்றால் வாயால் ஊதிப் போடுவோம்.

ஒரு நாள் என் இடம் என்று நினைத்து அவன் இடத்தை அழித்துவிட்டேன். ஐந்தாவது கோட்டை வரை பிடித்திருந்தான், பத்து வயதுப் பையன். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, "எக்கா, கேசட்டக் கொஞ்சம் தா" என்றான். கொடுத்தேன். எனக்குப் பத்தாம் வகுப்பு, அப்புறம் அதைத் தொடவே இல்லை.

ஜூன் 29

மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கோபத்தையெல்லாம் ரிசப்ஷனில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், நான்தான் அருவியைத் திறந்துவிட்ட மாதிரி.

ஜூலை 6, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நினைவு நாளுக்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று சிடியை எடுத்துக்கொண்டு முத்துசெல்வி வீட்டுக்குப் போனேன். அபி போட்டாள். பாட்டு வந்தது, பிரின்ஸ் இருந்தபோது ஹாலில் தினம் கேட்ட அதே பாட்டு. அப்புறம் டீம் வரிசை. ஊர் உலகத்து டீமெல்லாம் இருந்தது. இலஞ்சி லெவன் இல்லை.

"கீழ போம்மா, கீழ இருக்கும்" என்றேன்.

கீழேயும் இல்லை. அபி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சிடியில ஒண்ணும் இருக்காது. நாம விளையாடுறது எல்லாம் மெஷின்லதான் சேவ் ஆகும். நான் அன்னைக்கே போன்ல கேட்டேன்லா?"

கேட்டாள். கேட்டாள். அக்டோபரில், லாட்ஜில் பூஜை விடுமுறைக் கூட்டம், கவுன்ட்டருக்கு முன்னால் பத்துப் பேர். "அக்கா, அண்ணன் பேர்ல ஒரு ஐடி உள்ள இருக்கு, அழிச்சிட்டு எம் பேர்ல போட்டுக்கவா?" என்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் சொன்னேன். அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அழிச்சிரும்மா. எங்களுக்கு வேண்டியதெல்லாம் சிடியில இருக்கு."

நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

ஜூலை 7

லீவு சொல்லிவிட்டேன். அம்மாவிடம் காய்ச்சல் என்றேன். கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அந்தக் கஷாயத்தக் குடிக்கயில அப்படியே செத்திரலாம்னு இருந்துச்சு.

ஜூலை 9, புதன்

தென்காசியில் சஃப்ரின் கடைக்குப் போனேன். செல்போன் ரிப்பேர், கம்ப்யூட்டர் எல்லாம் பார்க்கிறாள். பிரின்ஸோடு பள்ளியில் படித்தவள். மெஷினையும் அபியிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு மணி நேரம் பார்த்தாள்.

"வராதுக்கா. நெட்டுல ஏத்தி வச்சிருந்தா எடுத்திரலாம். அவன் ஏத்தல."

சிடி எழுதலாமே, பிரௌசிங் சென்டரில் நானே எழுதியிருக்கிறேனே என்று சண்டைக்குப் போனேன். பாவம், பொறுமையாகச் சொன்னாள். "அது வெறும் சிடிக்கா. இது கம்பெனியில அச்சடிச்சு வர்றது, புஸ்தகம் மாதிரி. மெஷின் வாசிக்க மட்டும்தான் செய்யும். பழைய கேசட்டு வேற. அதுக்குள்ள வாட்ச் செல் மாதிரி ஒண்ணு இருக்கும். அது தீருத வரைக்கும் நாம ஆடுனது இருக்கும்."

புறப்படும்போது, "அவன் டீம்ல நானும் இருந்தேன்க்கா, தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது.

ஜூலை 13

மெஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு அபி போன் செய்தாள். "ஆளுங்க பேரைச் சொல்லுங்கக்கா, நான் மறுபடி செஞ்சு தாறேன்" என்றாள். எரிந்து விழுந்துவிட்டேன். செஞ்சு தாறாளாம். அது என்ன பிளாஸ்டிக் குடமா, உடைஞ்சா வேற வாங்க? போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. அவள் மேல் என்ன தப்பு? கேட்டுத்தானே செய்தாள்.

ஜூலை 20

அம்மா ஒவ்வொரு வீடாகச் சொல்லி வைக்கிறாள். "பதினாலாம் தேதி ஜெபம் முடிஞ்சதும் பிரின்ஸோட டீம டிவியில போடப் போறா எம்மவ. அவுக அப்பா கேட்ச் பிடிக்கதப் பாக்கலாம்." போதகர் ஐயாவிடமும் சொல்லிவிட்டாள்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மீன் வாங்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். முதலில் புரியவில்லை. சிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல இல்லைங்கியா?" என்றாள். இல்லைம்மா. "அப்பொ நான் ஒரு வருசமா என்னத்தட்டி தொடச்சுக்கிட்டிருக்கேன்?"

கழற்றிய செருப்பை ஓரமாக வைத்தேன்.

சிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், "சின்ன வயசுலயும் நீதான அழிச்ச" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 28

பேசவில்லை.

ஜூலை 30

சோறு எடுத்து வைக்கிறாள். தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்ட் 1

பேசவில்லை. போட்டோவுக்குக் கீழே சிடி இல்லை. எங்கே வைத்தாள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. திட்டும்மா. ஒரு வார்த்தை திட்டிரேன். அன்னைக்கி பேசாம இருந்த அவனாவது சின்னப் பிள்ளை, உனக்கு எழுபது வயசாவுதே.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றோடு எட்டு நாள். பிரின்ஸுக்கும் அம்மாவுக்கும் ஒரே கணக்கு.

வேலைக்குப் போகவில்லை. பரணில் அவனுடைய ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரிந்துதான் இருந்தது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சட்டை, டயர் கம்பெனி காலண்டர், அடியில் ஒரு மோதிர டப்பா. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் கேசட். கையில் வைத்து ஆடுகிற அந்த மெஷினும் ஒரு துணியில் சுற்றி இருந்தது.

கடையில் போய் இரண்டு செல் வாங்கி வந்து போட்டேன். ஒன்றும் வரவில்லை. கழற்றி ஊதினேன். மறுபடியும் இல்லை. இன்னொரு தடவை ஊதினேன். வந்தது.

இரண்டு இடம். கீழே, பிரின்ஸ் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நான் அழித்தபடியே கிடந்தது. அதற்குப் பிறகு அவன் அதில் தன் பெயரை எழுதவே இல்லை.

மேலே ஜெனி. நான் விட்டபோது இரண்டு கோட்டை, ஆறு மணி நேரம். இப்போது ஏழு கோட்டை. நாற்பத்தொரு மணி நேரம்.

முப்பத்தைந்து மணி நேரம் அவன் என் பெயரில் ஆடியிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேய் பிரின்ஸு, சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ.

சத்தமாக அழுதுவிட்டேன் போலிருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். காட்டினேன். சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவும் அழிஞ்சிருமா?"

"உள்ள இருக்க செல்லு தீந்தா போயிரும்மா. அன்னைக்கே சஃப்ரின்கிட்ட கேட்டேன், மாத்திப் பாக்கலாமாம், ஆனா மாத்தும்போதே போனாலும் போயிருமாம்."

"ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றாள் அம்மா. "இருக்க மட்டும் இருக்கட்டும்."

அப்புறம், "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் கல்லறைத் தோட்டம். சாரல். மாலையில் ஜெபம். டிவியை யாரும் போடவில்லை. எதிர் வீட்டுக்காரி ஏதோ கேட்க வந்தாள். அம்மா முந்திக்கொண்டு, "மெஷின் ரிப்பேரு" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அபியிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவே அவளை வரச் சொல்லிவிட்டாள், மெஷினையும் எடுத்துக்கொண்டு. சிடியைத் தன் பைபிளுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அங்கேதான் இருந்திருக்கிறது.

மத்தியானம் முழுவதும் செய்தோம். அம்மா, அப்பாவின் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூக்கு இவ்வளவு நீளமில்ல, கொஞ்சம் கொறைம்மா" என்று அபியைப் பாடாய்ப் படுத்தினாள். தன்னைக் கொஞ்சம் சிவப்பாகப் போடச் சொன்னாள். சித்தப்பாவுக்குத் தொப்பை. சுடலைமாடன், சஃப்ரின் இருவருக்கும் போன் செய்து, வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்று விசாரித்தோம். பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

"அண்ணனை எங்க போடக்கா?" என்று அபி கேட்டாள். "எத்தனாவதா இறங்குவாங்க? பேட்டிங்கா, பௌலிங்கா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். சுடலைமாடனுக்கு மறுபடி போன் செய்தேன். அவனுக்கும் ஞாபகம் இல்லை. பிரின்ஸ் அந்த டீமில் இருந்தானா, இல்லை எங்களையெல்லாம் இறக்கிவிட்டு வெளியே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தானா, அதுவே எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் அதே ஹாலில்தான் ஆடினான்.

வேறு யார் பெயரையாவது போடட்டுமா என்றாள் அபி. வேண்டாம் என்றாள் அம்மா.

பதினோராவது இடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். பதினோரு பேர் இல்லாமல் மேட்ச் தொடங்காதாம்.