பேச்சு வராத ஹோம் தியேட்டர்

செவ்வாய் இரவு.

பாட்டு வருது, பேச்சுதான் கேக்கலை என்று என் மனைவி செல்வி சொல்லிக்கொண்டே இருந்தாள். மலிவாக வாங்கிய ஹோம் தியேட்டரை ஸ்பீக்கர்களோடு இன்று பஸ்ஸில் பெரம்பலூருக்குத் தூக்கிப்போனேன். மெக்கானிக் எல்லா ஸ்பீக்கரையும் போட்டுப் பார்த்தார்.

"செட்டு நல்லாத்தான் இருக்கு சார். பேச்சு தெளிவா வருதுங்களே."

நம்பாமல்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டு ராணி வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"அண்ணே, கொறைங்க! புள்ள முழிச்சிருச்சு."

செல்வி திரும்பவே இல்லை. டிவியில் பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இன்னும் சரியாகலையா?"

"மலிவா வாங்குனது. இனிமே சரியாவாது" என்றேன். வேறென்ன சொல்ல.

சிரித்தாள். நான் சொன்னது காதில் விழுந்துதான் சிரித்தாளா, தெரியவில்லை.