சவுரிமுடி கொண்டு வர வேண்டாம் பிள்ளை

புங்குடுதீவு

அன்பு மகள் பிரியவதனிக்கு அப்பா எழுதுவது. நயினாதீவு அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் அந்த வெளிநாட்டுக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி கடலுக்குப் போகிறது, அடுத்த வரி கரைக்கு வருகிறது. கை உளைந்தால் பேனையை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன், திரும்பி வந்தால் எந்தச் சொல்லில் விட்டேன் என்று தேட வேண்டியிருக்கிறது. சனசமூக நிலையத்தில் எங்களைப்போல வயது போனவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கும் நிலக்சனா ரீச்சர், ஆறுதலா எழுதுங்கோ ஐயா, தாள் ஒண்டும் பறந்துபோகாது என்று சொல்லுகிறார். போனில் பேசலாம்தான், ஆனால் பாதியில் அம்மா வாங்கிவிடுவாள். இதை அவள் வாங்க முடியாது.

தங்கச்சியின் கலியாணத்துக்கு வரும்போது முழங்கால் நீளத்தில் சவுரிமுடி கொண்டு வருவதாகச் சொன்னாய். அது வேண்டாம் பிள்ளை. காரணத்தை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தோம். தங்கச்சி நிலாந்தினிக்கு நெற்றியின் இரண்டு பக்கமும் தலைமயிர் கொட்டிக் காதுக்கு மேலே வெளித்துவிட்டது. நாங்கள் கிணற்றைத்தான் குற்றம் சொன்னோம். எங்கள் உப்புச் சவர்த் தண்ணீருக்கு மயிர் நிற்காது என்று எல்லோரும் சொல்ல, நானும் வேலணைச் சாட்டிக் கிணற்றுக்குப் போய் பிளாஸ்டிக் கானில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அந்த நல்ல தண்ணீரில் விடியக் குளித்து, ஈரம் காயமுதல் இழுத்துக் கொண்டை போட்டு, மேலே ஹெல்மெட்டையும் வைத்து ஸ்கூட்டியில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனாள். வேலணைக்குப் போகும் பாலத்துக் காற்று உனக்குத் தெரியும். மாணவிகளைப் பின்னலை இறுக்கிக் கட்டச் சொல்லும் ரீச்சர் தன் தலையைப் பறக்க விடலாமா என்று அவளுக்கு ஒரு எண்ணம். வெளித்த இடத்தை மறைக்கப் பின்னால் இருந்த மயிரையும் முன்னுக்கு இழுத்துக் குத்தினாள். அதுவும் கொட்டியது.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் தோல் டொக்டரிடம் கூட்டிப்போனோம். காத்திருந்த இடத்தில் சுவரில் ஒரு அறிவித்தல் இருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். தலைமயிரை இறுக்கிக் கட்டினாலும் உதிருமாம். அம்மாவுக்குச் சொன்னேன். உங்களுக்கு எழுத்துத் தெரிஞ்ச நாள் தொடக்கம் சுவரிலை இருக்கிறதெல்லாம் வேதம் என்றாள். டொக்டரும் அதையே சொன்னார். வேர் இன்னும் சாகவில்லையாம். இழுக்காமல் விட்டால் திரும்ப வரும், கலியாணத்துக்கென்று பாரமான ஒட்டுப் பின்னலைத் தொங்கவிட்டால் வராமலே போகலாம் என்றார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அம்மா அழுதாள். சின்னனிலை ஒரு மயிர் பறக்காமல் பின்னி விட்டனான், நான்தான் துவக்கி வைச்சனான் என்றாள். ஊரில் எல்லாத் தாயும் அப்படித்தானே பின்னினார்கள் என்று சொல்லித் தேற்றினேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவே, தாலி ஏறும் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள். தங்கச்சி கேட்கவில்லை. ஒளிச்சுக் கட்டிற கலியாணம் எனக்கு வேண்டாம், சொல்லிப்போட்டு நிண்டால் நிக்கட்டும் என்றாள். எனக்கும் பயம்தான். அவளுக்கு மாப்பிள்ளை பிரதாபனைப் பிடித்திருந்தது, அது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலணையிலிருந்து பிரதாபனும் தாய் கேதீஸ்வரியும் வந்தார்கள். தங்கச்சி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர்கள் முன்னால் கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். கேதீஸ்வரி எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அம்மா என் கையைக் கிள்ளினாள். பிரதாபன்தான் முதலில் பேசினான். இதுக்கோ பாலத்தடியிலை என்னைக் கண்டால் ஹெல்மெட்டும் கழட்டாமல் ஓடுறனீர், உமக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டெல்லோ நான் நினைச்சன், இண்டைக்கு வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனான் என்றான். கேதீஸ்வரி அவனைப் பார்த்து, விசரா, அதை எனக்கு வரேக்கை சொல்லியிருக்கலாமே, நான் பலகாரமும் சுட்டெல்லோ கொண்டந்தனான் என்றாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆவணியில்தான் கலியாணம், மாற்றமில்லை. மணப்பெண் அலங்காரத்துக்கு வருகிறவள் சடை இல்லாமல் அதென்ன பொம்பிளை என்று முறுகினாள். கேதீஸ்வரியே அவளைக் கூப்பிட்டு, எங்கட மருமகளுக்கு மல்லிகைப்பூப் போதும் என்று சொல்லிவிட்டாள். போன கிழமை தொடக்கம் வெளித்த இடத்தில் பூனைமயிர் போல் முளை தெரிகிறது. அம்மா வெயிலில் இருத்திப் பார்த்து, அயலட்டைக்கெல்லாம் சொல்லிவிட்டாள். பின்னுவதும் அவள்தான். எங்கே இழுபட்டுவிடுமோ என்று பயந்து பயந்து பின்னுவதால் தங்கச்சி படலையைத் தாண்டமுதல் பாதி அவிழ்ந்துவிடுகிறது. அவிழட்டும் என்று விட்டுவிட்டோம்.

நீயும் வேலைக்குப் போகும்போது தலையை இறுக்கிக் கட்டாதே, வீடியோவில் பார்த்தேன். பெட்டியில் சவுரிமுடிக்கு ஒதுக்கிய இடத்தில் மார்கழிக் குளிருக்கு அம்மாவுக்குக் காலுறை வை. அம்மன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் குறைவில்லாத வாழ்வும் தரட்டும். வருகிற கிழமையும் எழுதுவேன், அதற்குள் வரிகள் கொஞ்சமாவது நேராகுமா பார்ப்போம்.

இப்படிக்கு, தன் கையாலேயே பெயர் எழுதும்
உன் அப்பா
க. முருகேசு