பிலாய்த் தட்டும் மாம்பலத் தட்டும்

உ

மேற்கு மாம்பலம்,
சென்னை-33.
10-3-1974

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே சுகம். குவாலியரில் குளிர் விட்டதா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆசை, நெல்லையப்பர் அவ்வளவு தூரத்திலும் உன்னைக் கைவிட மாட்டார். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அடுத்த மாதம் பரீட்சை முடிகிறது, பிலாய் உருக்காலையில் விளையாட்டுப் பிரிவில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள், மாம்பலத்துப் பள்ளிக்கூட வேலையைப் பற்றி நான் எழுதியதும் மனத்தில் இருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் முடிவை என் தலையில் கட்டிவிட்டாய். "நீங்கள் நிறுத்துச் சொல்லுங்கள் அப்பா, எந்தத் தட்டு இறங்குகிறதோ அங்கே போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நகைக்கடையில் இருபத்தாறு வருஷமாகத் தராசு பிடிக்கிறவனிடம் கேட்டால் தட்டாமல் சொல்லிவிடுவான் என்று நினைத்தாய் போலிருக்கிறது. குன்றிமணி எடைக்கே நான் மூச்சைப் பிடிக்கிறவன், நீயோ நாலு கிலோ இரும்புக் குண்டைத் தூக்கி எறிகிறவள், உன் விஷயத்தை எந்தத் தராசில் வைப்பது சொல்.

நீ சர்க்காரில் படிப்புக் கடன் வாங்கி உடற்கல்வி படிக்கப் போகிறேன் என்றபோது விசில் ஊதுவதற்கா இரண்டாயிரத்துச் சொச்சம் கடன் என்று குதித்தவன் நான்தான். எங்கள் முதலாளி துரைராஜ் அண்ணாச்சி இன்றைக்கும் விடுவதில்லை, பெண்பிள்ளையை டிரில் மாஸ்டராக்கி விட்டீரே, அந்தக் கடனை எந்த மாப்பிள்ளை அடைப்பான் என்கிறார். அவளே அடைப்பாள், அதற்குத்தான் படிக்கிறாள் என்று போன வாரம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

மாம்பலத்து வேலையைச் சொன்னவர் நம் மாடியில் குடியிருக்கும் சங்கரன், அவர் அந்தப் பெண்கள் பள்ளியில் குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். சம்பளம் இருநூற்று அறுபது, ஆனால் வாத்தியார் வேலைக்குப் போகிறவர்களுக்குப் படிப்புக் கடனில் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளிவிடுவார்கள், பத்து வருஷத்தில் கடனே இருக்காது என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிலாயில் நானூற்று எண்பதும் குவார்ட்டர்ஸும் கொடுத்தால் என்ன, இங்கே கடன் தானாகவே கரைகிறதே, வீட்டு வாடகையும் இல்லையே என்று கூட்டிக் கழித்து, பெண் வந்துவிடுவாள் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் தேவானை கூட, "இன்னா நைனா, பொண்ணு வந்துக்கினு கீதாமே, மூஞ்சில சிரிப்பெல்லாம் கீது" என்று கேலி செய்தாள். உன் அம்மா தங்கபுஷ்பம் போனபிறகு நீயும் போய், ஒருத்தனுக்குச் சோறு வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. தினமும் மிஞ்சுகிறது, தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் அதையே சாப்பிடுகிறேன். நீ எறிந்து பழகிய குண்டை வாசற்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன். கடையில் பகலெல்லாம் ஆட்கள் நடுவில் இருந்துவிட்டு, ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே யாரிடம் என்ன பேசப் போகிறோம் என்று கால் பின்வாங்குகிறது. தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது வடிவு, மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அதனால் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கடன் ஆபீசுக்கே போய்க் கேட்டேன். டிரில் டீச்சரும் டீச்சர் கணக்கில் வருவாளா என்றதும் பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார், எனக்குக் கோபம் வந்துவிட்டது, என் மகள் மூன்று வருஷம் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கப் போகிறவள் ஐயா என்று சத்தம் போட்டேன். ஆபீசர் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லி, டிரில் டீச்சரும் டீச்சர்தான், ஆனால் வேலை நிரந்தரமாக இருந்தால்தான் இந்தச் சலுகை என்றார். அன்று சாயங்காலம் சங்கரனைப் பிடித்துக் குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. அங்கே இருக்கிற டீச்சர் நீண்ட லீவில் போகிறாளாம், இது ஒன்றரை வருஷத்து இடம்தானாம், அவள் திரும்பி வந்தால் நீ இறங்கிக்கொள்ள வேண்டும். கடன் அப்படியே நிற்கும், வேலை இருக்காது. அவர் மேல் தப்பில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரால் சொல்ல முடியவில்லையாம்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதாவிட்டால் நீ வந்துவிடுவாய், ஒன்றரை வருஷமாவது வீட்டில் விளக்கு எரியும். இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியும், தங்கத்தைத் தட்டில் வைத்ததும் நான் "காத்து" என்பேன், பக்கத்தில் இருக்கிறவர் ஃபேனை நிறுத்துவார், காற்று அடித்தால் தட்டு பொய் சொல்லும். இங்கே காகிதம் பறந்தது, பழக்கதோஷத்தில் "காத்து" என்று சொல்லிவிட்டேன். நிறுத்துவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், நானே எழுந்து போய் நிறுத்தினேன். நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம்தான் உறைத்தது, இத்தனை நாள் மாம்பலத் தட்டு இறங்கியதெல்லாம் என் பக்கத்துக் காற்று என்று. ஃபேனை நிறுத்தினேன், பிறகு இரண்டு தட்டையும் நிறுத்தேன். பிலாய்த் தட்டுதான் இறங்குகிறது அம்மா. நிரந்தர வேலை, இரண்டு வருஷத்தில் கடன் அடையும், குண்டு எறிவதையும் விடவேண்டாம். நீ பிலாய்க்கே போ.

போய்ச் சேர்ந்ததும் முதல் சம்பளத்திலேயே ஒரு பங்கைக் கடனுக்குக் கட்டு, ரசீதை ஈரம் படாமல் வை. தினமும் முட்டை சாப்பிடு, சைவப் பிள்ளை வீட்டுப் பெண் என்று நான் கேட்க மாட்டேன். வேலையில் சேருவதற்கு முன் நாலு நாள் கிடைத்தால் வந்துவிட்டுப் போ, கிடைக்காவிட்டால் டிக்கெட்டுக்குக் காசைக் கரியாக்காதே. அம்மாவும் நெல்லையப்பரும் துணையாக இருந்து, நீ எறிகிறதெல்லாம் எல்லையைத் தாண்டிப் போய் விழட்டும். இன்னும் ஃபேனைப் போடவில்லை, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது, இதை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் போடவேண்டும். அதற்குள் போட்டால் மனசு மாறிவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லசிவம்