நாலாயிரம் மைல், நாற்பது மணி

மந்தைவெளி, 4 ஜூன் 1934

விண்ணப்பம் தயார். லண்டனில் ஒரு வருஷ ஆசிரியர் பயிற்சி, செலவு அவர்களுடையது. விண்ணப்பம் இருபதாம் தேதிக்குள் அங்கே சேர வேண்டும். விமானத் தபால் வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமைதான். நாளைக்குப் போட்டால் பதினான்காம் தேதி சேர்ந்துவிடும். நைனா கைநாட்டு வைத்த சம்மதக் கடிதமும் உள்ளே இருக்கிறது.

அன்றே, மாலை

வக்கீல் குமாஸ்தா சுப்பராமன் நைனாவின் விறகுத்தொட்டிக்கு வந்தார். அவருக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை. அதையும் அவர்தான் சொன்னார். என் அட்லாஸை வாங்கி, கேஸ்கட்டு நூலால், சீமை விமானம் கிளம்பும் கராச்சியிலிருந்து லண்டன் வரை அளந்தார்.

"நாலாயிரம் மைல். மணிக்கு நூறு மைல். நாப்பது மணி! இதுக்கு பி.ஏ. வேணுமா தேசப்பா? நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. உன் பொண்ணு வியாழக்கிழமை போடட்டும்."

நூல் மலை, கடல் எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கிடந்தது. கராச்சி சேரவே இரண்டு நாள்; அங்கிருந்து விமானம் பாக்தாத், கெய்ரோ, ஏதென்ஸ் என்று இறங்கி, ராத்திரி தங்கித் தங்கிப் போகும்; ஐயாயிரம் மைல், ஏழு நாள் என்றேன். தபாலாபீஸ் பலகையில் பார்த்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏரோப்ளேன் என்ன மாட்டு வண்டியா, அவுத்துக் கட்டிட்டுத் தூங்கறதுக்கு?"

நைனாவும் சிரித்தார். "அவுரு ஜட்ஜியையே பாத்தவரு. நீ இன்னாத்தக் கண்ட?"

ஜட்ஜியைப் பார்த்தாராம். கட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்று!

5 ஜூன்

கடிதம் நைனாவின் டிரங்குப் பெட்டியில். சாவி அவர் இடுப்பில். இந்த வாரத் தபால் போயிருக்கும். இன்னொரு தடவை ஏன் சொல்லவில்லை? பட்டம் வாங்கி இன்னா பிரயோஜனம் — வாய் இருந்தாத்தானே?

7 ஜூன்

சுப்பராமன் கூடவே வந்து, கிழக்கே பார்த்துப் போடச் சொன்னார். இனி மங்களகரமான அந்தக் கடிதம் பன்னிரண்டாம் தேதி வரை மூட்டையில் கிடக்கும்.

21 ஜூன்

இன்றுதான் சேர்ந்திருக்கும்.

13 ஜூலை

பதில் வந்தது, கப்பலில். அவர்களுக்கென்ன அவசரம்? சுப்பராமன் முந்திக்கொண்டு பிரித்தார். "இருபத்தொண்ணாம் தேதி கெடைச்சுதுன்னு போட்டிருக்கான். சொன்னேனோல்லியோ, போய்ச் சேர்ந்துடுத்து!"

அடுத்த வரியை அவர் படிக்கவில்லை. நைனா அம்மாவைப் பாயசம் வைக்கச் சொன்னார்.

கை நீட்டி வாங்கினேன். தமிழில், சொல் சொல்லாகப் படித்தேன்: முந்திய நாளோடு பட்டியல் முடிந்துவிட்டது, வருந்துகிறோம்.

"எதிர்க்காத்து அடிச்சிருக்கும்," என்றார் சுப்பராமன். நைனா சிரிக்கவில்லை.

15 ஜூலை

சுப்பராமன் தொட்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நைனா தராசைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "வர்ற வருசத்துக்கு எப்பம்மா போடணும்?"

"நல்ல நாளா ஒண்ணு நான்—"

"மே மாசக் கடைசி வாரம்," என்றேன்.

தெருவில் போன வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.